கையோட்டி

உங்கள் பெண்ணுக்கு அமெரிக்காவில் பிரசவமா? ஆறு மாதத்துக்கு விசா வாங்கி, சுக்கு, திப்பிலி, பெருங்காயம், பிரசவ லேகியம் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து, எடை கூடிவிட்டதே என்று திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்துக் கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால், சகோதரி, பத்து நிமிஷம் இப்படி உட்காருங்கள். எடையே இல்லாத சாமான் ஒன்றை உங்களிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் புறப்பட்டுப் போனதால் எங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நேர்ந்ததில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் அக்கா இருப்பது சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்ற ஊரில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். பக்கத்து ஊரான அரோராவில் வேங்கடாசலபதி கோயில்கூட இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில், மழைத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குளம். குளத்தைச் சுற்றி ஆளுயரக் கோரை. நடுவே வேலியோ மதிலோ கிடையாது. நம் ஊர்க் கொல்லைப்புறம் போலத்தான்; கிணறும் துவைக்கிற கல்லும்தான் இல்லை.

சென்ற வருஷம் ஜூலையில் அம்மா அங்கே போனாள். ஆகஸ்டில் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. மூத்தவள் பாப்பாவுக்கு நாலு வயது. எனக்கு ஒரு மாதம் லீவு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்டோபர் மாதம் பாதி கழிந்துவிட்டது. மேப்பிள் மரங்கள் எல்லாம் குங்குமமும் மஞ்சளுமாய் நின்றன.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் சோற்றுப் பருக்கை படாது. மாயவரத்துப் பக்கம் பிறந்த பழக்கம், சிகாகோ போனால் மட்டும் போய்விடுமா? அங்கேயும் காக்கைகள் உண்டு. நம் காக்கைபோல் கழுத்தில் சாம்பல் பூச்சு இல்லாமல் உடம்பெல்லாம் ஒரே கறுப்பு. அவை தயிர்சாதத்தை அங்கீகரித்துவிட்டன என்பதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

காக்கைக்கு வைத்த இடத்துக்குத்தான் 'அது' வந்தது.

* * *

நான் போன மறுநாள் சாயங்காலமே அம்மா என்னை ஜன்னலண்டை இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருடி, நம்ம விருந்தாளி வந்தாச்சு!"

கோரைக்கு முன்னால் ஒரு நாய் நின்றது. சாம்பலும் செம்மண்ணும் கலந்த மேனி. மெல்லிய கால்கள். நிமிர்ந்த பெரிய காதுகள். மேப்பிள் மரத்தடியில் அம்மா வைத்திருந்த காகிதத் தட்டை நோக்கி அது நேராக வரவில்லை. அரைவட்டமாகச் சுற்றி, காற்றை முகர்ந்து, நின்று, மறுபடி நடந்து வந்தது.

"ஆகஸ்டு மாசம் வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்துச்சுடி. பார்க்கவே பாவமா இருந்துச்சு. இப்போ பாரு, எப்படிப் புசுபுசுன்னு தேறிட்டுது! எல்லாம் நம்ம தயிர்சாதம்" என்றாள் அம்மா.

"அம்மா, இந்த ஊரிலே தெரு நாயே கிடையாதே?"

"யாராவது வளர்த்துட்டுத் துரத்தி விட்டிருப்பாங்க. இந்த ஊரிலே மனுஷனையே துரத்தறாங்களாம், நாயையா விடப் போறாங்க?"

எனக்கு ஏதோ நெருடியது. நாய்க்குச் சோறு வைத்தால் வாலை ஆட்டும். இது ஆட்டவில்லை. வைத்தவளைப் பார்த்து ஒரு முறையாவது குழையும். இது குழையவில்லை. வால் பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கியபடியே இருந்தது, நுனியில் மை தொட்டு வைத்தாற்போல் கறுப்பாக. சாப்பிட்டுத் தலை நிமிர்ந்தபோது ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டது. மஞ்சள் கண்.

நெருடியதற்காக நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். பத்திரிகைக்காரியின் புத்தி!

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மையார் வந்து கதவைத் தட்டினார். எழுபது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வனக் காப்பகத்துக்கு வரும் குழந்தைகளுக்குச் சம்பளமில்லாமல் வழிகாட்டும் பணியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் தாயார் தினம் சாப்பாடு வைக்கிறாரே, அது நாய் என்று நினைத்தா வைக்கிறார்?" என்று கேட்டார்.

"ஆமாம். ஏன்?"

"அது நாய் இல்லை, கையோட்டி."

ஆங்கிலத்தில் அந்தப் பிராணியின் பெயரை அவர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்கள் வைத்த பெயர் ஸ்பானியர் வாய்வழியாக இப்படி உருமாறி வந்திருக்கிறது. 1823-ல் தாமஸ் சே என்ற இயற்கை விஞ்ஞானி அதற்கு லத்தீனில் 'கானிஸ் லாட்ரன்ஸ்' என்று பெயர் சூட்டினார். 'குரைக்கும் நாய்' என்று பொருள். நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட தாயாதி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நான் அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். அம்மா சாமானியத்தில் அசைகிறவளா?

"நரியாவே இருக்கட்டுமே! நரி முகத்திலே முழிச்சா அதிர்ஷ்டம்னு நம்ம ஊரிலே சொல்றதில்லையா? பசிச்ச வாயிக்குச் சோறு போடறது இந்த ஊரிலே குத்தமாம்மா? கேட்டுச் சொல்லு."

அதைக் கேட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. "அம்மா இனிமேல் வைக்கமாட்டாளாம்" என்று அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். துபாஷி வேலையில் நான் செய்த முதல் மோசடி அது.

* * *

அவர் சந்தோஷப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் என்னை வனக் காப்பகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். வனம் என்றதும் புலியும் யானையுமாகக் கற்பனை செய்யாதீர்கள். ஊர்களுக்கு நடுவே, வீடு கட்டாமல் விட்டுவைத்த புல்காடுகளும் ஓக் மரத் தோப்புகளும்தான். அங்கே நடந்தபடியே, கையோட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது என்று ஒன்றிலிருந்து பாடம் நடத்தினார்.

"முதலில் வாலைப் பாருங்கள். நாய் ஓடும்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். கையோட்டி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடும். தூரத்திலிருந்து அந்த ஒன்றே போதும்" என்றார்.

பிறகு முகம். நாயின் முகவாய் பருத்து மழுங்கியிருக்கும். இதற்கு ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். காது பெரிது, நுனி கூர். உயரம் தோள்வரை சுமார் 60 சென்டிமீட்டர். பெரிதாய்த் தெரிந்தாலும் எடை பெரும்பாலும் 10 முதல் 18 கிலோவுக்குள்தான். மீதியெல்லாம் மயிர்.

"உங்கள் தாயார் அது தேறிவிட்டது என்கிறாராமே?" என்று கேட்டுச் சிரித்தார். கோடையில் அதற்கு ரோமம் குறைந்து, கால்கள் நீண்டு, பஞ்சத்தில் அடிபட்டதுபோல் தோன்றுமாம். குளிர் வரும்போது அடர்த்தியாக ரோமம் முளைத்துக் குண்டாகக் காட்சி தருமாம். அம்மாவின் தயிர்சாதத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை! இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

செந்நரி என்று இன்னொன்று அங்கே உண்டு. அது இதில் பாதி எடைகூட இராது. ஆரஞ்சு நிறம், கறுப்பு மேஜோடு போட்டாற்போல் கால்கள், வால் நுனியில் வெள்ளை. நுனி வெள்ளையென்றால் செந்நரி, கறுப்பென்றால் கையோட்டி. ஓநாயோ இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பருமன். சிகாகோ பக்கத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

ஓர் ஓடைக் கரையில் ஈரமண்ணைக் காட்டினார். இரண்டு வரிசைத் தடங்கள். ஒன்று வட்டமாக, விரல்கள் விரிந்து, நகம் கன்னாபின்னாவென்று பதிந்து, இங்கும் அங்கும் அலைந்து போயிருந்தது. "இது யாரோ உலாவ அழைத்துவந்த நாய். அதற்கு வேலை கிடையாது. வீட்டில் சாப்பாடு காத்திருக்கிறது." இன்னொன்று கோழிமுட்டைபோல் நீள்வட்டம். விரல்கள் நெருங்கியிருந்தன. முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலும் வைத்து, நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்க்கோடு. "இது பிழைப்புக்குப் போகிறவன் நடை. வீண் அடி ஒன்றுகூட வைக்கமாட்டான்."

நடைபாதைக்கு நட்ட நடுவில் அது கழித்துவிட்டுப் போன எச்சத்தையும் காட்டினார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவரோ நகை வாங்க வந்தவர்போல் குனிந்து பார்த்தார். கயிறுபோல் முறுக்கியிருந்தது. உள்ளே எலி மயிர், பழக் கொட்டைகள். வழி நடுவில் விட்டுப் போவது ஞாபகமறதியால் அல்ல. 'இது என் எல்லை' என்று மற்றவற்றுக்கு விட்டுச்செல்லும் விசிட்டிங் கார்டாம்!

சிகாகோ நகரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய குக் கவுன்டியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்தப் பிராணிகளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்டு, பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஆரம்பத்தில் சில டஜன் இருக்கும் என்று எண்ணினார்களாம். இருந்தவையோ ஆயிரக்கணக்கில்! கல்லறைத் தோட்டம், கோல்ஃப் மைதானம், ரயில் பாதையோரப் புதர் என்று பகலெல்லாம் படுத்திருந்துவிட்டு, ஊர் உறங்கிய பிறகு உலாவுகின்றன. 2007 ஏப்ரலில் ஒரு கையோட்டி, நகரத்தின் மத்தியில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் பட்டப்பகலில் நுழைந்து, குளிர்பானம் வைக்கும் பெட்டியில் ஏறிச் சாவதானமாகப் படுத்துக்கொண்டது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

ஆதியில் இவை மேற்கே சமவெளிகளிலும் பாலைகளிலும்தான் வாழ்ந்தன. மனிதன் ஓநாய்களைக் கொன்று தீர்த்தான். காடுகளை வெட்டி வயலாக்கினான். காலியான இடத்துக்கெல்லாம் கையோட்டி குடியேறியது. இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உண்டு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில்கூட 1999-ல் ஒன்று பிடிபட்டது. சுட்டும், பொறி வைத்தும், விஷம் வைத்தும் லட்சக்கணக்கில் கொன்று பார்த்தார்கள். வம்சம் குறையவில்லை.

"என்னதான் தின்று பிழைக்கிறது?" என்று கேட்டேன். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட எச்சங்களைச் சோதித்துக் கணக்கெடுத்திருக்கிறார்களாம். நூற்றுக்கு 42-ல் எலி வகைகள், 23-ல் பழம், 22-ல் மான், 18-ல் முயல். மனிதர் குப்பைத்தொட்டியில் கிடைத்தது நூற்றுக்கு இரண்டு. வளர்ப்புப் பூனை அதற்கும் குறைவு. அதாவது, எலியைத் தின்று ஊருக்கு உபகாரம் செய்துகொண்டு, நம் கண்ணில் படாமல் வாழவே அது விரும்புகிறது.

நம் வாசகிகளுக்கு இன்னொரு செய்தி. 236 கையோட்டிகளின் ரத்தத்தைச் சோதித்து 2012-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆண் கையோட்டி ஏகபத்தினி விரதனாம்! துணையில் ஒன்று சாகும்வரை இன்னொன்று விலகிய அத்தாட்சி ஒன்றுகூட அகப்படவில்லை. குட்டிகளுக்கு இரை தேடுவதிலும் ஆணுக்குச் சம பங்கு. இதை அன்று இரவே அத்தானிடம் சொன்னேன். அவர் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தார்.

திரும்பி வரும்போது அந்த அம்மையார் சற்று நேரம் மௌனமாக நடந்தார். பிறகு, "இங்கே ஒரு சொலவடை உண்டு. தீனி கண்ட கையோட்டி, செத்த கையோட்டி" என்றார்.

சாப்பாடு வைத்தால் மனித வாடை என்பது பயத்துக்குப் பதிலாகச் சோற்றை நினைவூட்டும். இருட்டில் வந்தது வெளிச்சத்தில் வரும். ஐம்பது அடியில் நின்றது பத்து அடியில் நிற்கும். ஒருநாள் சோறு இல்லையென்றால் கேட்டு வாங்க வரும். அன்று யாராவது அதிகாரிகளுக்குப் போன் செய்வார்கள். பிடித்துக் காட்டில் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். மனிதரைக் கையோட்டி கொன்றதாகப் பதிவானவை இரண்டே. 1981-ல் கலிபோர்னியாவில் ஒரு மூன்று வயதுக் குழந்தை. 2009-ல் கனடாவில் ஓர் இளம் பெண். ஆயினும் கடிபட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பல சந்தர்ப்பங்களில் முன்பு யாரோ அதற்குத் தீனி போட்டிருந்தார்கள் என்பதே தெரியவந்தது.

"நல்லவேளை, உங்கள் தாயார் நிறுத்திவிட்டார்" என்று முடித்தார். நான் தலையை ஆட்டினேன்.

* * *

அம்மா நிறுத்தவில்லை. அக்கா கோபித்துக்கொண்ட பிறகு இரண்டு நாள் வைக்காமல் இருந்தாள். மூன்றாம் நாள், அக்கா குழந்தைக்குப் பால் கொடுக்க மாடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கையில் தட்டுடன் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும்டி. பாவம், வந்து வந்து பார்த்துட்டுப் போவுது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? படித்தவள், முழுப் பாடமும் கேட்டு வந்தவள். "சரிம்மா, இன்னைக்கு மட்டும்" என்றேன். ஏன் தெரியுமா? என்னிடம் இருந்த படங்கள் எல்லாம் மங்கல். நடுப்பக்கத்துக்குப் பளிச்சென்று ஒரு படம் வேண்டியிருந்தது. இன்னைக்கு மட்டும் என்பது எட்டு நாள் நீடித்தது.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அன்று முதல் சாயங்காலம் நாலரைக்கே அந்தி வந்துவிடும். அதாவது, குழந்தைகள் விளையாடும் நேரமும் அது வரும் நேரமும் ஒன்றாகிவிட்டன. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அந்த வாரம் ஒருநாள். அக்கா மாடியில். அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக் கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறை ஜன்னலில் செல்போனை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். கோரை அசைந்தது. வந்தது. அன்று அரைவட்டம் போடவில்லை. நேராக மரத்தடிக்கு வந்தது. நல்ல வெளிச்சம். 'ஆஹா, இதுதான் படம்!' என்று எண்ணிக்கொண்டேன்.

படத்துக்குள் பாப்பா வந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போயிருக்கிறாள். கையில் அரைத் தோசை. பாட்டி செய்வதைத் தினம் பார்க்கிற குழந்தை அல்லவா? "வா, வா" என்று தோசையை நீட்டினாள். அது விலகவில்லை. இரண்டு அடி முன்னால் வைத்தது.

பிற்பாடு அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். பாப்பா அதற்குள் வந்த கணத்துக்கும் நான் "பாப்பா!" என்று அலறிய கணத்துக்கும் நடுவே பதினோரு வினாடி. பதினோரு வினாடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? படம் பிடித்துக் கொண்டிருந்தேன், சகோதரிகளே. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

என் அலறல் கேட்டு அம்மா ஓடினாள். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, இன்னொரு கையில் தோசைத் திருப்பி. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலிக்காரி, அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தட்டைத் தடதடவென்று அடித்துக்கொண்டு, "போ! போ! போ சனியனே!" என்று கூவியபடி குழந்தைக்கும் அதற்கும் நடுவே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

அது பின்வாங்கியது. கோரையண்டை போய் நின்று திரும்பிப் பார்த்தது. தினம் சோறு வைக்கிறவள்தானா என்று பார்த்ததோ என்னவோ. அம்மா மறுபடி தட்டை அடித்தாள். வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு அது கோரைக்குள் மறைந்தது. தோசை புல்லில் கிடந்தது.

அன்றிரவு அக்கா என்னுடன் பேசவில்லை. அம்மா சாப்பிடவில்லை.

"அதை சனியனேன்னுட்டேனேடி" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "அது என்ன செஞ்சுது? நான் பழக்கி வச்சேன், வந்துது. நாளைக்குப் பிடிச்சுக் கொன்னா, அந்தப் பாவம் எனக்குத்தானே?"

முதல் தடவையாக, பக்கத்து வீட்டு அம்மையார் சொன்ன அத்தனையையும் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். நான் அவரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். மறுநாள் அவரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "பயத்தை நாம்தான் எடுத்தோம், நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றார்.

அதற்கு அவர் சொன்ன வழி, அம்மா முந்திய நாள் தானாகவே செய்த அதே காரியம். அதைக் கண்டால் திரும்பி ஓடக்கூடாது, ஓடினால் துரத்தும். முதுகைக் காட்டாமல் நிமிர்ந்து நின்று, கைகளை உயரத் தூக்கி ஆட்டி, உரக்கக் கத்தி, தட்டையோ பாத்திரத்தையோ தட்டி, அது கண் மறைகிறவரை விடாமல் விரட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பயனில்லை. ஒரு வீடு மட்டும் செய்தாலும் போதாது. வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் செய்ய வேண்டும்.

இதை நான் சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தில் இரண்டு நாளாகக் காணாத சிரிப்பு அரும்பியது.

"அதுக்கு என்ன பேருன்னு சொன்னே?"

"கையோட்டி."

"அதானே! கையை ஓங்கி ஓட்டணும்னு பேரிலேயே சொல்லி வச்சிருக்காங்க. நமக்குத்தான் புத்தியிலே ஏறலை!"

அடுத்த நாள் முதல் நாலரை மணிக்கு அம்மா தட்டும் கரண்டியுமாகப் பின்கட்டில் ஆஜர். காக்கைச் சோறும் நின்றது. காக்கைக்கு வைப்பதாகப் பாவித்து ஒரு பிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தானே சாப்பிட்டாள். அது வரும். அம்மா தட்டுவாள். அது போகும். உள்ளே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "சோறு போட்ட கையாலேயே விரட்டும்படி ஆச்சே" என்பாள். மறுநாள் நாலரைக்கு மறுபடி போய் நிற்பாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் இரவு, குளத்துக்கு அப்பால் எங்கோ ஆம்புலன்ஸ் ஒன்று ஊதிக்கொண்டு போனது. உடனே அதற்குப் பதில் சொல்வதுபோல் ஊளை எழுந்தது. நம் நரி ஊளைபோல் ஆரம்பித்து, கீச்சுக் கீச்சென்று பல குரலாகச் சிதறியது. பாப்பா என் போர்வைக்குள் புகுந்துகொண்டு, "சித்தி, பத்து இருக்கு!" என்றாள். "இரண்டுதான் கண்ணே" என்றேன். இரண்டு கையோட்டிகள் குரலை மாற்றி மாற்றிக் கூவினால் பெருங்கூட்டம் என்று தோன்றும். கேட்பவரை ஏமாற்றும் வித்தை அது.

* * *

இனி உங்களிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்ன அந்தச் சாமான். அமெரிக்காவில் அநாதை நாய்போல் ஒன்றைக் கண்டால் முதலில் வாலைப் பாருங்கள். தொங்குகிறதா? நுனி கறுப்பா? முகம் கூர்மையா? அப்படியானால் அதற்கு உங்கள் சோறு வேண்டாம். மீந்ததை வெளியே வைக்காதீர்கள். மரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். பறவைகளுக்குப் போடும் தானியம் சிந்தினால் எலி வரும், எலியைத் தேடி அதுவும் வரும்; பெருக்கிவிடுங்கள். அந்தி வேளையில் பேரக் குழந்தையைத் தனியே வெளியில் விடாதீர்கள். சின்ன நாய் வளர்க்கிற வீடானால் அதைக் கையில் பிடித்தே அழைத்துப் போங்கள். எதிரே வந்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், கத்துங்கள், கையை ஓங்குங்கள். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டுரையுடன் புகைப்படம் இல்லையே என்று தேடாதீர்கள். நீங்கள் பார்ப்பது நம் ஓவியர் வரைந்தது. நான் எடுத்த படங்களை அன்றே அழித்துவிட்டேன்.

அம்மா ஜனவரியில் ஊர் திரும்பினாள். தட்டையும் கரண்டியையும் அத்தான் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாளாம். பிப்ரவரியில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ராத்திரி பெய்த பனியில் தடங்கள். கோழிமுட்டைபோல் நீள்வட்டம், ஒன்றன்முன் ஒன்றாக நூல் பிடித்த நேர்க்கோடு. கோரைக்கு அப்பால் குளத்தங்கரையோடு அந்தக் கோடு போயிருந்தது. புல்வெளிப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"தடம் நல்லா ஆழமா விழுந்திருக்குடி. எங்கேயோ சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனாள்.